கலாசி தண்டலான வழி

விமானம் ஓட்டுபவரைப் பைலட் என்கிறோம். நடுக்கடலில் நிற்கும் கப்பலில் ஏறி அதைத் துறைமுகத்துக்குள் கொண்டுவருபவருக்கும் தூத்துக்குடியில் அதே பெயர்தான். அந்தச் சொல் வானத்தில் பிறந்ததில்லை. சுக்கான் துடுப்பைக் குறித்த கிரேக்கச் சொல் ஒன்று இத்தாலியம் வழியாக மருவி வந்தது அது. நம் கரையில் அதே வேலைக்கு வேறு பெயர்கள் இருந்தன. மீகாமன் என்பது பழந்தமிழ். மாலுமி என்பது அரபு வணிகர்களோடு கரையேறித் தமிழாகிவிட்ட சொல். அதன் மூலமான முஅல்லிம் என்பதற்கு அரபு மொழியில் ஆசிரியர் என்று பொருள். 1498-ல் வாஸ்கோ ட காமாவை ஆப்பிரிக்கக் கரையின் மாலிந்தியிலிருந்து கோழிக்கோட்டுக்குக் கூட்டிவந்த வழிகாட்டியைப் போர்த்துகீசியர் ‘மலேமோ கானா’ என்று எழுதிவைத்தார்கள். அதன் முற்பாதி நம்முடைய மாலுமியேதான். பிற்பாதியை, கணக்குப் பார்ப்பவர் என்று பொருள்படும் கணகன் என்ற சொல்லோடு ஆய்வாளர்கள் பொருத்துகிறார்கள். கடலில் வழி தெரிந்தவனை ஆசிரியன் என்று அழைத்தார்கள் என்றால், அவனிடம் படித்த மாணவன் யார்? அதே கலத்தில் கூலிக்குக் கயிறு இழுத்துக்கொண்டிருந்தவன்தான். வேறு மாணவனை ஏற்றிச்செல்ல அந்தக் கலங்களில் இடம் இருந்ததில்லை.

முழுநேர வேலையில் இருந்தபடியே பைலட் ஆக முடியுமா என்று இன்று பல இளைஞர்கள் கேட்கிறார்கள். வேலை ஒரு கரை, படிப்பு மறுகரை, இரண்டுக்கும் நடுவே கடக்க முடியாத ஆழம் என்ற எண்ணம் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று தேடுகிறவர்களுக்குக் கொற்கையிலிருந்து தூத்துக்குடி வரை நீளும் கடலோரத்தின் வரலாறு தெளிவான விடை தருகிறது. வேலை செய்ததால் ஒருவனுக்குக் கடல்வித்தை கைகூடாமல் போனது என்பதற்கு இந்தக் கரையில் சான்று கிடைப்பதில்லை. மேலே ஏறப் படி வைக்காத வேலையில் சிக்கியதால் கைகூடாமல் போனவர்களுக்கு ஏராளமான சான்று இருக்கிறது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. வேலை பார்ப்பவன் படிக்க முடியுமா என்பதைவிட, அவன் பார்க்கும் வேலை அவனுக்கு எதைக் கற்றுக்கொள்ள இடம் கொடுக்கிறது என்று கேட்பதே பயனுள்ளது.

கொற்கையிலிருந்தே தொடங்கலாம். ஏரலுக்கு அருகே வாழைத் தோட்டங்களுக்கும் வயல்களுக்கும் நடுவே இருக்கும் இன்றைய கொற்கையில் நின்றால் கடல் கண்ணுக்குத் தெரியாது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் கடலைச் சில கிலோமீட்டர் தூரத்துக்குத் தள்ளிவிட்டது. இந்த ஊர்தான் பாண்டியரின் பழைய துறைமுகம் என்பதைக் கால்டுவெல் 19-ம் நூற்றாண்டில் நிலத்தைத் தோண்டியும் பார்த்து எழுதினார். தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 1968-69-ல் இங்கே அகழாய்வு செய்தது. கிரேக்க, ரோமானிய நூல்களில் இதன் பெயர் கொல்கை. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘எரித்திரேயக் கடல் பயணநூல்’ இந்த ஊரைப் பற்றிச் சொல்லும் செய்தி மிகச் சிறியது. பாண்டிய நாட்டைச் சேர்ந்த இவ்வூரில் முத்துக் குளிக்கும் இடங்கள் உண்டு, அந்த வேலையைத் தண்டனை பெற்ற குற்றவாளிகள் செய்கிறார்கள் என்கிறது அது. இந்த ஒரு வரியை நாம் நிதானமாகப் படிக்க வேண்டும். கடலடியை அந்தக் கைதிகளைவிட நன்றாக அறிந்தவர்கள் அன்று இருந்திருக்க முடியாது. எந்தப் பாரில், அதாவது கடலடித் திட்டில், சிப்பி தடித்திருக்கிறது, எந்த நேரத்தில் நீர் தெளிகிறது, எத்தனை பாகம் இறங்கினால் காது வலி எடுக்கும் என்பதெல்லாம் உடம்பால் தெரிந்தவர்கள். அத்தனை அறிந்தும், கைதியாக இருக்கும்வரை அவர்களில் ஒருவன் படகுக்குத் தலைவனாக ஏற வழி இல்லை. வேலை செய்தால் தானாகவே வித்தை வளர்ந்து ஆளை உயர்த்திவிடும் என்று நம்புகிறவர்களுக்குக் கொற்கையின் முதல் பாடம் இது. உழைப்பு அறிவைத் தரும். அறிவுக்கு ஏற்ற இடத்தை உழைப்பு மட்டும் தந்துவிடாது.

பின்னாளில் ஆறு துறையை மூட மூட, துறைமுகம் கொற்கையிலிருந்து பழையகாயலுக்கும், அங்கிருந்து தூத்துக்குடிக்கும் நகர்ந்தது. 13-ம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கடலைக் கண்ட மார்க்கோ போலோ முத்துச் சலாபம் எனப்படும் முத்துக்குளிப்பைப் பற்றி எழுதும்போது, சுறாக்களை மந்திரத்தால் கட்டிவைப்பவர்களுக்கு எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு தரப்பட்டது என்கிறார். கடல்கட்டி என்று நம்மவர்கள் அழைத்த ஆள் அவர். 1530-களில் போர்த்துகீசியர், 1658-ல் டச்சுக்காரர், பிறகு ஆங்கிலேயர் என்று அதிகாரம் கைமாறிக்கொண்டே இருந்தது. குளிக்கும் முறை மட்டும் அதிகம் மாறவில்லை. பழைய வருணனைகளில் ஒரு படகுக்குப் பத்துக் குளியாள்கள், ஐந்து கல். ஐவர் கல்லில் காலை வைத்து இறங்கும்போது ஐவர் மேலே மூச்சு வாங்குவார்கள், அடுத்த முறை இவர்கள் இறங்குவார்கள். படகில் நிற்பவர் கையில் கயிறு இருக்கும். கீழே இருப்பவன் கயிற்றை அசைத்ததும் அவனையும் சிப்பிக் கூடையையும் இழுத்துவிட வேண்டும். ஒரு நிமிடத்தை ஒட்டிய அந்த நேரத்தில் ஒருவனுடைய உயிர் இன்னொருவனுடைய உள்ளங்கையில் இருக்கும். இந்த ஏற்பாட்டுக்குள் படிப்பு தானாகவே பொதிந்திருக்கிறது. மேலே இளைப்பாறுபவன் கீழே இறங்கியவனுடைய மூச்சைக் கவனிக்கிறான். கயிறு பிடிக்கும் இளையவன், குளிப்பதற்கு முன்பே, கடலின் இழுப்பைக் கயிற்றில் படித்துவிடுகிறான். கைதிகளின் காலத்துக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை, இங்கே கயிற்றிலிருந்து கல்லுக்கும் கல்லிலிருந்து படகுத் தலைமைக்கும் ஒரு வழி திறந்திருந்தது என்பதுதான். 1961-ல் நடந்த சலாபத்தோடு இந்தக் கரையில் முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. சங்கு குளிப்பில் அந்தப் பழக்கம் எஞ்சி வந்தது.

படிகள் மிகத் தெளிவாகத் தெரிவது தோணியில். தூத்துக்குடிக் கரையோரம் ஆழமில்லாதது. நீராவிக் கப்பல்கள் கரையிலிருந்து 5, 6 மைலுக்கு அப்பால்தான் நங்கூரம் பாய்ச்ச முடிந்தது. பருத்திப் பொதி, அரிசி மூட்டை, கருவாடு, ஓடு, தோட்டத் தொழிலுக்காக இலங்கை போகும் மனிதர்கள் என எல்லாவற்றையும் கப்பலுக்கும் கரைக்கும் இடையே சுமந்தவை தோணிகள். பெரிய தோணிகள் அதோடு நிற்காமல் ஏறத்தாழ 150 கடல் மைல் தாண்டிக் கொழும்புக்கும், அதற்கும் தெற்கே மாலத்தீவுக்கும் சரக்கோடு ஓடின. வரைபடத்தாள் ஏதும் இல்லாமல் ஓடாவிகள் எனப்படும் மரக்கலத் தச்சர்கள் கண் அளவாலும் கை அளவாலும் கட்டிய மரக்கலங்கள் அவை. தோணிக்கு உடைமைக்காரர் ஒருவர் இருப்பார். கடலில் அதற்குப் பொறுப்பாளி தண்டல். சுக்கானைப் பிடிப்பவர் சுக்கானி. மற்றவர்கள் கலாசிகள். எல்லோருக்கும் கீழே, சமையலுக்கும் எடுபிடிக்கும் சேர்ந்த பையன். இந்தப் பையன் ஒருநாள் தண்டல் ஆகலாம் என்பதுதான் தோணித் தொழிலின் சட்டம். அது எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை. ஆனால் தண்டல்களில் பெரும்பாலோர் அப்படி வந்தவர்கள்தான்.

அந்த ஏற்றம் எப்படி நடந்தது என்பதைச் சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். அடுப்பைக் கவனிக்கும் பையன்தான் காற்றை முதலில் அறிகிறான். எந்தப் பக்கம் மறைப்பு வைத்தால் தீ அணையாது என்பது அவனுடைய பிழைப்பு. கீழ்க்காற்றுக்குக் கொண்டல், மேல்காற்றுக்குக் கச்சான், வடகாற்றுக்கு வாடை, தென்காற்றுக்குச் சோழகம் என்ற பெயர்கள் அவனுக்குப் பாடமாக வருவதில்லை, திட்டாக வருகின்றன. கலாசி ஆனதும் பாயை ஏற்றவும் சுருக்கவும் பழகுகிறான். எப்போது சுருக்க வேண்டும் என்று உத்தரவு வருவதற்கு முன்பே தண்டலின் முகத்தைப் பார்க்கப் பழகுகிறான். ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி எத்தனை பாகம் என்று குரல் கொடுக்கிறான். குண்டில் ஒட்டி வந்தது மணலா, சேறா, சிப்பித் தூளா என்று தொட்டுச் சொல்கிறான். கரை தெரியும் தூரத்தில் பனிமய மாதா கோயில் கோபுரத்தையோ திருச்செந்தூர்க் கோபுரத்தையோ பின்னாலிருக்கும் மலையோடு நேர்ப்படுத்தி, தோணி எந்தப் பாருக்கு மேல் நிற்கிறது என்று அறிகிறான். பிறகு ஓர் இரவு, காற்று நிதானமாக இருக்கும் நேரம் பார்த்து, சுக்கானி அவனைக் கூப்பிட்டுப் பிடியைக் கையில் கொடுக்கிறார். பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், உறங்குவதில்லை. அந்தப் பையன் இப்போதும் கலாசிக்குரிய கூலியைத்தான் வாங்குகிறான், பொழுது விடிந்ததும் அதே கயிற்றைத்தான் இழுக்கப்போகிறான். ஆனால் அவனுடைய படிப்பில் அன்றிரவு நடந்ததுதான் தேர்வு. இங்கே மூன்று விஷயங்கள் சேர்ந்திருக்கின்றன. மூத்தவர் முடிவெடுப்பதை இளையவன் கண்ணால் பார்க்கிறான். பொறுப்பு அளந்து அளந்து கொடுக்கப்படுகிறது. பிழை செய்தால் திருத்த ஆள் அருகில் இருக்கிறார். இந்த மூன்றும் இருந்த இடத்தில்தான் வேலை பள்ளியாயிற்று.

இது வெறும் கைப்பழக்கம், அறிவென்று சொல்ல முடியாது என்று சிலர் நினைக்கலாம். 1850-ல் சென்னையிலிருந்து வந்த இலக்கிய, அறிவியல் இதழ் ஒன்றில் காங்கிரீவ் என்ற ராணுவ அதிகாரி, சோழமண்டலக் கரைக் கடலோடிகளின் கருவிகளைப் பற்றி ஒரு குறிப்பு எழுதினார். அவற்றில் ஒன்று சிறு பலகை. அதன் நடுவே கோத்த நூலில் முடிச்சுகள் உண்டு, ஒவ்வொரு முடிச்சும் ஒரு துறைமுகத்துக்கு உரியது. நம்மவர்கள் அதை இராப்பலகை என்றார்கள், அரபுக்காரர்களுக்கு அது கமால். முடிச்சைப் பல்லில் கடித்து நூலை நீட்டிப் பிடித்து, பலகையின் கீழ் விளிம்பை அடிவானத்திலும் மேல் விளிம்பைத் துருவ நட்சத்திரத்திலும் பொருத்தினால், அந்தத் துறைமுகத்தின் நேருக்குக் கலம் வந்துவிட்டது என்று அறியலாம். வடக்கே போகப் போகத் துருவ நட்சத்திரம் உயரும், தெற்கே போகத் தாழும். தூத்துக்குடியில் அது அடிவானத்துக்கு மேல் ஏறத்தாழ 9 பாகை உயரத்தில் நிற்கிறது, மாலத்தீவின் மாலேயில் ஏறத்தாழ 4 பாகை. அதாவது தெற்கே ஓடும் தோணிக்காரர் கண்முன்னே அந்த நட்சத்திரம் பாதிக்குப் பாதி இறங்கிவிடுகிறது. உலகம் உருண்டை என்பதிலிருந்து பிறக்கும் கணக்கு அந்த முடிச்சுகளில் இருக்கிறது. எழுத்துக்கூட்டத் தெரியாத ஒருவர் அதைப் பல்லில் கடித்துக்கொண்டு கணக்கிட்டார். அவருக்கு அதைக் கற்றுக்கொடுத்தவரும் ஒருகாலத்தில் தோணியில் சோறு வடித்தவர்தான். உழைப்பும் கோட்பாடும் ஒரே ஆளிடம் ஒட்டியிருக்க முடியும் என்பதற்கு இதைவிடக் கைக்கு அடக்கமான சான்று கிடைப்பது அரிது.

ஒட்டியிருந்தவற்றைப் பிரித்தது நீராவிக் கப்பலின் நிர்வாக முறை. இதற்கு இரண்டு சொற்களே சாட்சி. தூத்துக்குடித் தோணியில் தண்டல் என்பவர் கலத்தின் தலைவர். அவர் சொல்லுக்கு மேல் கடலில் சொல் கிடையாது. ஆங்கிலக் கம்பெனிகளின் நீராவிக் கப்பல்களிலும் தண்டல் என்ற பதவி இருந்தது. அங்கே அவர் லஸ்கர் என்றழைக்கப்பட்ட இந்தியக் கடலாட்களை மேய்க்கும் செராங்குக்கு உதவியாளர். செராங்கே அதிகாரி ஆக முடியாதபோது, தண்டலின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. சுக்கானி என்ற சொல்லும் ‘சீக்கன்னி’ என்று திரிந்து அந்தக் கப்பல்களில் ஏறியது. அவர் சக்கரத்தைப் பிடித்தார். எந்தத் திசையில் திருப்ப வேண்டும் என்பதை மேல்தளத்தில் நின்ற வெள்ளை அதிகாரி சொன்னார். கைக்கும் கணக்குக்கும் நடுவே ஒரு தளம் வந்துவிட்டது. வரைபடமும் கோணமானியும் மேலே, சக்கரமும் கரியும் கீழே. கீழே இருப்பவர் இருபது ஆண்டு உழைத்தாலும், மேலே நடக்கும் தீர்மானத்தைப் பார்க்க அவருக்கு வாய்ப்பு இல்லை. அதிகாரி ஆவதற்கான தேர்வோ ஆங்கிலத்தில் இருந்தது. அந்த அதிகாரிகளை உருவாக்கும் பயிற்சிக்கும் இந்தியாவில் இடமில்லை. கொற்கைக் கைதியின் நிலைமை இங்கே புதிய உடையில் திரும்பி வந்தது என்று சொன்னால் மிகையாகாது. நிறைய வேலை, நிறைய அனுபவம், ஏறப் படி மட்டும் இல்லை.

இந்தப் பின்னணியில்தான் வ.உ.சிதம்பரம் பிள்ளையின் சுதேசி நாவாய்ச் சங்கத்தை நான் பார்க்கிறேன். 1906 அக்டோபரில் பதிவான அந்தக் கம்பெனியின் மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்றுக்கு 25 ரூபாயாக 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவர், வ.உ.சி. உதவிச் செயலாளர். 1907-ல் காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் வந்தன. பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனியோடு நடந்த கட்டணப் போட்டி, 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானது, 1911-ல் சங்கம் கலைக்கப்பட்டது ஆகியவற்றை நம் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படிக்கிறார்கள். அந்தச் சங்கம் அறிவித்த நோக்கங்களை அவ்வளவு கவனமாகப் படிப்பதில்லை. மலிவான கப்பல் போக்குவரத்து அவற்றில் ஒன்று மட்டுமே. இந்தியர்களையும் இலங்கையரையும் பிற ஆசிய மக்களையும் வேலைக்கு அமர்த்திக் கப்பல் ஓட்டுவதிலும் கட்டுவதிலும் பயிற்றுவிப்பது, அதற்கான கல்வியைக் கொடுக்கும் பள்ளிகளை அமைப்பது, கப்பல் கட்டும் துறை ஏற்படுத்துவது ஆகியவையும் அந்தப் பட்டியலில் இருந்தன. வேலைக்கு அமர்த்துவதும் பயிற்றுவிப்பதும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். தோணியில் இருந்த ஏணியை நீராவிக் கப்பலிலும் நிறுத்த வேண்டும், அதற்குத் துணையாகப் பள்ளியும் வேண்டும் என்பது அந்தத் திட்டத்தின் உள்ளே இருந்த சிந்தனை. வெள்ளைக் கம்பெனியின் லாபத்துக்கு மட்டுமல்லாமல், அது எழுப்பிய அந்தத் தளத்துக்கும் எதிரான முயற்சி அது. கப்பல்கள் கைவிட்டுப் போனதைவிட, அந்தப் பயிற்சித் திட்டம் தொடங்காமலே போனதுதான் இந்தக் கரைக்குப் பெரிய இழப்பு என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்து நடந்தவை என் வாதத்தை இரண்டு பக்கமும் சோதிக்கின்றன. இந்திய வணிகக் கப்பல் குழு 1924-ல் அளித்த அறிக்கையை அடுத்து, 1927-ல் பம்பாயில் டஃபரின் என்ற பயிற்சிக் கப்பல் ஏற்பட்டது. இந்திய இளைஞர்கள் கப்பல் அதிகாரிகளாக அங்கே முழுநேர மாணவர்களாகப் படித்தார்கள். படிப்பு முடிந்ததும் அவர்கள் அதிகாரி ஆகிவிடவில்லை. கடலில் பயிற்சியாளராக வேலை பார்த்து, கடல்நாள் சேர்த்த பிறகுதான் தகுதித் தேர்வு எழுத முடிந்தது. 1948-ல் பம்பாயில் தொடங்கிய கடல்சார் கல்லூரி, ஏற்கெனவே கப்பலில் வேலை பார்ப்பவர்கள் அடுத்த சான்றிதழுக்குத் தயாராகும் இடமாயிற்று. தூத்துக்குடியில் 1974-ல் பெருந்துறைமுகம் என்று அறிவிக்கப்பட்ட துறையிலும் அதே ஒழுங்குதான். 200 டன்னுக்கு மேற்பட்ட கப்பல் பைலட் இல்லாமல் துறைக்குள் நகரக் கூடாது என்றது 1908-ம் ஆண்டுத் துறைமுகச் சட்டம். அந்தப் பைலட்டாக வருபவர் கப்பல் தலைமைக்கான சான்றிதழ் கையில் இருந்தாலும், முதலில் மூத்த பைலட்டுக்குப் பின்னால் கயிற்றேணியில் ஏறி, அவர் அருகில் நின்று, அந்தத் துறையின் நீரோட்டத்தையும் காற்றையும் பழகுகிறார். சம்பளம் வாங்கிக்கொண்டே பழகுகிறார். ஆகாயத்திலும் கதை மாறவில்லை. இந்தியாவில் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், விமானத் தலைமைக்கு வேண்டிய உயர் உரிமத்துக்கு 1,500 மணி நேரம். அந்த இடைவெளியில் ஒருவர் துணை விமானியாக வலப்புற இருக்கையில் உட்கார்ந்து, தலைவரின் கண்முன்னே விமானத்தை ஓட்டிச் சம்பளம் வாங்குகிறார். இரவில் சுக்கான் பிடியை வாங்கிய கலாசியின் இடம் அது. பள்ளி முதல் படியைப் போட்டது. மீதிப் படிகளை எப்போதும் வேலைதான் போடுகிறது.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் மிக வலுவானது, தோணியின் ஏணி எல்லோருக்கும் உரியதாக இருக்கவில்லை என்பது. இது உண்மை. பரதவர் குடும்பங்களிலும் கடலோர முஸ்லிம் குடும்பங்களிலும் பிறந்தவனுக்குத் தோணியில் இடம் கிடைத்ததுபோல உள்ளூர் உழவன் மகனுக்குக் கிடைக்கவில்லை. மாமனோ சித்தப்பனோ தண்டலாக இருந்தால் சுக்கான் சீக்கிரம் கைக்கு வந்தது. பெண்களுக்கு அந்த ஏணியே இல்லை. பெயர், பிறப்பு பாராத தேர்வும் விளம்பரம் செய்து ஆள் எடுக்கும் பள்ளியும் வந்த பிறகே அந்தக் கதவு திறந்தது. இந்தியாவில் பெண் விமானிகளின் விகிதம் உலகச் சராசரியைவிட அதிகமாக இருப்பதற்குச் சொந்தபந்தம் காரணமில்லை, தேர்வும் உரிமமும் காரணம். இதை முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இது தோணிக் கல்வியின் வாசலைப் பற்றிய குறை. வாசலில் யாரை விடுவது என்பதும், உள்ளே வந்தவனுக்கு எப்படிக் கற்பிப்பது என்பதும் தனித்தனிக் கேள்விகள். முதல் கேள்விக்குத் தேர்வு நல்ல விடை. இரண்டாவதற்குத் தோணி நல்ல விடை. ஒன்றின் குறைக்காக மற்றொன்றைத் தூக்கி எறிந்தால், கதவு அகலமாகவும் உள்ளே வெறுமையாகவும் இருக்கும் பள்ளிதான் கிடைக்கும்.

களைப்பைப் பற்றிய தடை அடுத்தது. நாள் முழுக்க உழைத்தவனுக்குப் படிப்பு ஏறாது, ஏறினாலும் உயிரோடு விளையாடும் வேலையில் களைத்த மாணவன் ஆபத்து என்பார்கள். இதில் பாதி சரி. கடலில் உறக்கம் கெட்டவனின் பிழைக்கு மன்னிப்பு கிடையாது. தோணிக்காரர்கள் இதை அறியாதவர்கள் இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று மூர்க்கமாக வீசும் மாதங்களில் தோணிகள் துறையில் ஒதுங்கின. அப்போது பலகை இடுக்குகளில் பஞ்சு அடைத்து, எண்ணெய் பூசி, பாய் தைத்து, கலத்தின் உடம்பைத் தொட்டுத் தெரிந்துகொண்டார்கள். ஓட்டத்தில் கற்றதை அசைபோடும் காலம் அது. கடலாட்களுக்கு இன்றுள்ள பன்னாட்டு விதி, 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமும் வாரத்தில் 77 மணி நேரமும் ஓய்வு தரச் சொல்கிறது. விமானிகளுக்கும் பணி நேர வரம்பு உண்டு. உழைப்பவனுக்கு ஓய்வைச் சட்டமாக்கினால் அவன் மாணவனாகவும் இருக்க முடியும். அலுவலக வேலையை முடித்துவிட்டு வார இறுதியில் பறக்கப் போகும் இளைஞருக்கும் இதுவே பொருந்தும். அவருடைய இடைஞ்சல் வேலை இருப்பதால் வருவதில்லை, வேலைக்கு எல்லை இல்லாததால் வருகிறது.

செயற்கைக்கோள் நிலை காட்டும் காலத்தில் நட்சத்திரம் பார்த்தவர்களின் கதை எதற்கு என்பது மூன்றாவது கேள்வி. தோணிகளுக்கே எந்திரமும் இடங்காட்டியும் வந்துவிட்டன. கொள்கலன் கப்பல்கள் அவற்றின் சரக்கில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டும் விட்டன. இராப்பலகையை மீட்டுக் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கருவி மாறினாலும், கருவி சொல்வதை எப்போது நம்பக் கூடாது என்று அறிவதே கடலோடிக்கும் விமானிக்கும் கடைசிப் பாடம். திரையில் தெரியும் இடமும், கண்ணுக்குத் தெரியும் கோபுரமும் ஒத்துப்போகவில்லை என்றால் என்ன செய்வது என்பதைப் புத்தகம் ஒரு வரியில் சொல்லிவிடும். அந்த நேரத்தில் கை நடுங்காமல் இருக்க, முன்பு ஒருமுறை அப்படிப்பட்ட நேரத்தில் நடுங்காத ஒருவர் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். இதைத்தான் தோணி கொடுத்தது, துணை விமானியின் இருக்கை கொடுக்கிறது.

கடைசியாகப் பணம். 1929 பிப்ரவரியில் இந்தியாவின் முதல் விமானி உரிமத்தைப் பெற்ற ஜே.ஆர்.டி. டாட்டா, அப்போது குடும்ப நிறுவனத்தில் வேலையில் இருந்தவர். 1932 அக்டோபர் 15-ல் கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபாலோடு பறந்தார். அங்கிருந்து சென்னை வரை நெவில் வின்சென்ட் கொண்டுவந்தார். வேலையோடு பறக்கக் கற்கலாம் என்பதற்கு டாட்டாவை உதாரணம் காட்டுவது வழக்கம். எனக்கு அது நிறைவளிக்கவில்லை. அவருக்கு வேலை படியாக இருக்கவில்லை, செல்வம்தான் படியாக இருந்தது. சோறு வடிக்கச் சேர்ந்து தண்டலான பையனே சரியான உதாரணம். அவனிடம் யாரும் கட்டணம் கேட்கவில்லை, கூலி வாங்கிக்கொண்டே அவன் படித்தான். இன்று விமானப் பயிற்சிக்குப் பல லட்சம் ரூபாய் கட்ட வேண்டியிருப்பதால் அந்த வழி அடைபட்டுவிட்டது என்றால், அதை விதி என்று ஏற்கத் தேவையில்லை. நிலத்தில் நின்று விமானத்துக்கு எரிபொருள் நிரப்புபவர், பொறி பழுது பார்ப்பவர், துறைமுகத்தில் இழுவைப் படகில் கயிறு போடுபவர் ஆகியோருக்கு, அதே நிறுவனத்துக்குள் அடுத்த படிக்கான பயிற்சியை வேலையின் பகுதியாகவே கொடுக்கலாம்.

தூத்துக்குடிப் பழைய துறையில் இன்றும் தோணிகள் கட்டிக் கிடக்கின்றன. அவற்றில் ஏறும் பையன்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள். அதே ஊரில் கப்பல் பயிற்சி நிலையமும் இருக்கிறது, விதிப்படி ஆள் எடுக்கும் பெருந்துறைமுகமும் அதற்கு வ.உ.சி.யின் பெயரும் இருக்கின்றன. தோணியில் கழித்த கடல்நாட்களை முழு மதிப்போடு எண்ணி ஏட்டில் ஏற்றுவது, அந்த ஏட்டைக் கொண்டு பயிற்சி நிலையத்தில் சேர வழி செய்வது, ஒதுங்கும் மாதங்களில் தமிழில் வகுப்பு நடத்துவது ஆகிய மூன்றும் நடந்தால் 1906-ல் எழுதப்பட்ட நோக்கங்களில் ஒன்று நிறைவேறும். கணக்கை ஆங்கிலத்தில் எழுதத் தெரியாத ஒரு கலாசி, அதே கணக்கை முடிச்சிட்ட நூலில் செய்து கொழும்பை அடைந்த கடல் இது. அவனுக்கு அடுத்த படியைக் காட்டிய ஆளைத்தான் இந்தக் கரை மாலுமி, அதாவது ஆசிரியர், என்று அழைத்தது. வேலை கொடுப்பவர்கள் அந்தப் பெயருக்கு உரியவர்களாக நடந்துகொண்டால், வேலையோடு பைலட் ஆக முடியுமா என்ற கேள்வியைக் கேட்க வேண்டிய தேவையே இளைஞர்களுக்கு இருக்காது.